கொல்லிமலையிலிருந்து வேலை: பிரச்சினை தூரமா, நேரமா?

கல்லூரி நண்பர் ஒருவர் நாமக்கல்லில் சின்னதாக ஒரு மென்பொருள் நிறுவனம் நடத்துகிறார். நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் போன் செய்தார்.

"ஏம்ப்பா, பசங்கள்ல பாதிப் பேர் ஊர்லருந்தே வேலை செய்றோங்கறாங்க. மீதிப் பேர் எல்லாரும் ஆபீஸ் வந்தாத்தான் வேலை ஓடுதுங்கறாங்க. நீதான் எதையாவது தோண்டிப் படிச்சுக்கிட்டே இருப்பியே, என்ன பண்ணலாம் சொல்லு."

பத்து நிமிடத்தில் போனில் சொல்லி முடிக்கிற விஷயமாகத் தோன்றவில்லை. "எழுதி அனுப்பறேன்" என்றேன். அவருக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து இங்கே போடுகிறேன். வேறு யாருக்காவதும் உதவலாம்.

அந்த போன் வந்தபோது நான் கொல்லிமலையில், செம்மேட்டில் இருந்தேன். வருடத்துக்கு இரண்டு தடவையாவது மலை ஏறிவிடுவேன். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு என்று மலைக்கு மேலே இருக்கும் பழைய நாட்டுப் பிரிவுகளைப் பற்றிக் குறிப்பு சேர்ப்பது என் பொழுதுபோக்கு. இந்த முறை லீவு கிடைக்கவில்லை. லேப்டாப், இரண்டு கம்பெனி சிம், ஒரு பவர் பேங்க் எல்லாம் எடுத்துக்கொண்டு காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்துவிட்டேன். பகலில் ஆபீஸ் வேலை, சனி ஞாயிறு ஆராய்ச்சி என்று திட்டம்.

முதல் நாள் டீக்கடையில் கடைக்காரர் கேட்டார்: "லீவுங்களா சார்?"

"இல்லைங்க, வேலைதான்."

"ஆபீஸ் எங்கீங்க?"

தோளில் கிடந்த லேப்டாப் பையைக் காட்டினேன். பையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்போ உங்களுக்கு லீவே கிடையாதுங்களா?"

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் நான் சொல்ல வருகிற விஷயம் முழுக்க அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்கதை

வீட்டிலிருந்து வேலை என்பது கொரோனா கொண்டுவந்த புது விஷயம் என்று பலர் நினைக்கிறோம். 'டெலிகம்யூட்டிங்' என்ற சொல்லை அமெரிக்கப் பொறியாளர் ஜாக் நில்ஸ் உருவாக்கியது 1973இல். வேலைக்காக ஆள் பயணம் செய்வதை விட்டுவிட்டு, வேலையே தொலைபேசிக் கம்பி வழியாக ஆளிடம் போகட்டுமே என்பது அவர் யோசனை.

நம் நாட்டில் அதற்குக் குறுக்கே நின்றது தொழில்நுட்பம் மட்டும் இல்லை, விதிகளும்தான். கால் சென்டர், பிபிஓ மாதிரி நிறுவனங்கள் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும், வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும், நிலையான ஐபி முகவரி வேண்டும், நெட்வொர்க் வரைபடம் காட்ட வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. 2020 நவம்பரில்தான் இவற்றை அரசு நீக்கியது. 2021 ஜூனில் இன்னும் தளர்த்தியது. ஆக, கணினியில் நடக்கும் வேலையை மலை உச்சியிலிருந்தும் செய்யலாம் என்ற நிலை வந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. எப்படிச் செய்வது என்பதை இன்னும் பழகிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆய்வு என்ன சொல்கிறது

இந்த விவாதத்தில் ஆளாளுக்கு ஒரு அனுபவம் இருக்கிறது. "எங்க டீம்ல நல்லா ஓடிச்சு" என்பார் ஒருவர், "எங்க டீம் நாசமாப் போச்சு" என்பார் இன்னொருவர். அதனால் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனைகளைத்தான் நான் முதலில் தேடினேன்.

சீனாவின் பயண முன்பதிவு நிறுவனமான சி-ட்ரிப், 2010இல் ஷாங்காய் கால் சென்டரில் ஒரு சோதனை தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூமும் சகாக்களும் அதை ஆராய்ந்து 2015இல் கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பி, தகுதியும் பெற்ற 249 பேர். பிறந்த தேதி இரட்டைப்படை என்றால் வாரத்தில் நான்கு நாள் வீடு, ஒற்றைப்படை என்றால் ஆபீஸ். ஒன்பது மாதம் ஓடியது.

வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். இந்த இரண்டு எண்ணைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே கட்டுரையில் இருக்கும் வேறு மூன்று விஷயங்களை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

ஒன்று, அந்த 13இல் பெரும்பகுதி, அதாவது 9 சதவீதம், அவர்கள் கூடுதல் நேரம் வேலை செய்ததால் வந்தது. இடைவேளையும் சிக் லீவும் குறைந்துவிட்டன. இரண்டு, சமமாக வேலை செய்தும் வீட்டில் இருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. மூன்று, சோதனை முடிந்து "இனி உங்கள் இஷ்டம்" என்றதும், பாதிக்கு மேற்பட்டவர்கள் இருந்த இடத்தை மாற்றிக்கொண்டார்கள். வீட்டில் இருந்து அலுத்துப்போய் ஆபீசுக்குத் திரும்பியவர்கள் சொன்ன முக்கியக் காரணம் தனிமை. அப்படி அவரவர் தேர்ந்தெடுத்த பிறகு பலன் 22 சதவீதமாக ஏறியது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சோதனையில் சேர வீட்டில் தனி அறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் ஊரில் எத்தனை பேர் வீட்டில் அது இருக்கிறது? ஹாலில் டிவி, அடுப்படியில் குக்கர் விசில், மடியில் குழந்தை. பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. "வீட்லதானே இருக்கே" என்ற ஒரே வாக்கியத்தில் எல்லா வேலையும் அவர்கள் தலையில் வந்து விழும்.

அதே நிறுவனம், டிரிப்.காம் என்று பெயர் மாறிய பிறகு, 2021-22இல் 1,612 பேரை வைத்து அடுத்த சோதனை செய்தது. இம்முறை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வீடு. 2024இல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. வேலையை விடுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலைத்தரத்திலும் பதவி உயர்விலும் பாதிப்பு எதுவும் தெரியவில்லை. ஆரம்பத்தில் சந்தேகப்பட்ட மேனேஜர்களே பின்னால் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் அமெரிக்க ஊழியர்கள் 61,000 பேருக்கு மேல் 2020 முதல் பாதியில் எப்படித் தொடர்புகொண்டார்கள் என்று பார்த்த ஆய்வு ஒன்று 2021இல் வெளிவந்தது. எல்லோரும் வீட்டுக்குப் போனதும் அவரவர் டீமுக்குள்ளேயே பேச்சு சுருங்கிவிட்டது. பக்கத்து டீமோடு இருந்த பாலங்கள் குறைந்துபோயின. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு இது பெரிய நஷ்டம். நான் கற்ற பாதி விஷயம் பக்கத்து சீட்டுக்காரர் திரையை எட்டிப் பார்த்துக் கற்றதுதான்.

பச்சை விளக்கு

இனி சொந்தக் கதை. சில வருடம் முன்பு வேறொரு நிறுவனத்தில் நான் டீம் லீடாக இருந்தேன். டெல்டா பக்கத்து ஊரிலிருந்து ஒரு தம்பி வேலை செய்தார். கெட்டிக்காரர். சாட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் எப்போது பார்த்தாலும் பச்சை விளக்கு எரியும். இரவு பதினொன்றுக்குக் கேள்வி போட்டாலும் இரண்டு நிமிடத்தில் பதில். வருடாந்திர மதிப்பீட்டில் 'எந்த நேரமும் கிடைப்பவர்' என்று பாராட்டி எழுதினேன். பெருமையாகத்தான் எழுதினேன்.

ஒரு நாள் அவர் போனிலிருந்து அவர் அம்மா பேசினார். "தம்பி, அவன் ராத்திரி தூங்கியே ரெண்டு மாசம் ஆச்சுப்பா. சாப்பாடும் சரியில்ல. உங்ககிட்ட சொல்ல வேணாங்கறான். நாந்தான் பேசறேன்."

வெளிநாட்டு டீமின் பகல் முழுக்க அவருக்கு வேலை. நம் டீமின் பகலிலும் அவருக்கு வேலை. இரண்டு பேரும் தனித்தனியே 'பையன் இருக்கான்' என்று நினைத்திருக்கிறோம். மொத்த நேரத்தை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. அவர் ராஜினாமா செய்து, டாக்டரைப் பார்த்து, நாலு மாதம் ஓய்வெடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போனார். இப்போது நன்றாக இருக்கிறார். என் மேல் அவருக்குக் கோபம் இல்லை. எனக்கு என் மேல் உண்டு. ஆபீசில் இருந்திருந்தால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பேன். விளக்கைப் பார்த்ததால் கண்டுபிடிக்கவில்லை.

இது மனக்கஷ்டத்தோடு நிற்கிற விஷயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட கணக்கு: வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிட பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம். இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதம் அதிகம். நீண்ட நேர வேலையோடு தொடர்புடைய இறப்புகள் 2016இல் மட்டும் சுமார் 7,45,000.

யோகா வகுப்பா, மில்லா?

இந்த மாதிரி நேரத்தில் நிறுவனங்கள் என்ன செய்யும்? 'வெல்னெஸ் வீக்' அறிவிக்கும். ஆன்லைன் யோகா, தியான ஆப், மன உறுதி பற்றி ஒரு வெபினார். அந்த வெபினாரும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டின் வில்லியம் ஃபிளெமிங் பிரிட்டனில் 46,336 ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்து 2024இல் வெளியிட்டார். இப்படிப்பட்ட தனிநபர் நலத்திட்டங்களில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட நன்றாக இருந்ததாகத் தெரியவில்லை. தன்னார்வச் சேவைக்கு வாய்ப்புத் தந்தது மட்டும் விதிவிலக்கு. வேலையின் அமைப்பை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றப் பார்த்தால் பலிக்காது என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பாடம்.

இதைப் படித்தபோது எனக்குக் கொல்லிமலைச் சாமைதான் ஞாபகம் வந்தது. மலையில் சாமை, தினை, கேழ்வரகு பயிரிடுவது குறைந்து, கீழே ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற மரவள்ளி பெருகிக்கொண்டே போனது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே வேலை செய்தது. சிறுதானியம் குறைந்ததற்கு விலை, சந்தை என்று பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, சாமையை உரலில் போட்டு உமி நீக்கும் வேலை. அது முழுக்கப் பெண்களின் கை வேலை, இடுப்பொடிக்கிற வேலை. 'சாமை உடம்புக்கு நல்லது' என்று எத்தனை கூட்டம் போட்டுச் சொன்னாலும் அந்த உலக்கை கையை விட்டு இறங்காது. அதனால் ஊர்களில் உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் வைத்து, மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள்.

கம்பெனிகளும் அப்படித்தான் யோசிக்க வேண்டும். உலக்கை எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். எங்கள் டீமில் உலக்கை, இரவு பதினொரு மணிக் கேள்வி. அதை நிறுத்தாமல் யோகா சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம்?

வீடும் இல்லை, சென்னையும் இல்லை

வீடா ஆபீஸா என்று இரண்டே வழி இருப்பதாக நினைக்க வேண்டாம். நம் மாநிலத்திலேயே மூன்றாவது வழிக்கு உதாரணம் இருக்கிறது. 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009இல் பெயர் மாறிய ஸோஹோ, 2011இல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019இல் அங்கேயே மத்தளம்பாறை கிராமத்துக்குக் குடிவந்துவிட்டார். கொரோனா காலத்தில் சிற்றூர்களில் சின்னச் சின்ன அலுவலகங்களைத் திறந்தார்கள்.

வேலை சென்னையை விட்டு வெளியே வந்தது. ஆனால் ஆள் தனியாக விடப்படவில்லை. அப்பா அம்மா பக்கத்தில் இருக்கிறார்கள், சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். அதே சமயம் பக்கத்து நாற்காலியில் ஒரு சக ஊழியர், நல்ல இணையம், கரண்ட் போனால் ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. வேலைக்கு என்று ஓர் இடம் இருந்தால், கிளம்புவதற்கு என்று ஒரு நேரமும் தானாக வந்துவிடும்.

செம்மேட்டில் எனக்கு இது அனுபவத்தில் புரிந்தது. மூன்றாம் நாள் மழை, கரண்ட் போனது, ஒரு சிம்மிலும் சிக்னல் இல்லை. காலை மீட்டிங்கைத் தவறவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனாலும் குற்ற உணர்ச்சியில் அன்றிரவு பத்து மணி வரை உட்கார்ந்து 'ஈடு' செய்தேன். கண்ணுக்குத் தெரியாத ஆள், தான் வேலை செய்வதை நிரூபித்துக்கொண்டே இருக்கத் தோன்றும். அந்தத் தம்பிக்கும் அதுதான் நடந்திருக்கும்.

சட்டம் எங்கே நிற்கிறது

1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்தது. கூடுதல் வேலையும் சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்தச் சட்டத்தில்தான் 2021 செப்டம்பரில் ஒரு நல்ல திருத்தம் வந்தது. ஜவுளிக்கடையிலும் நகைக்கடையிலும் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்று. கேரளம் இதை 2018இலேயே செய்துவிட்டது.

நிற்கிறவருக்கு உட்காரும் உரிமை கிடைத்தது. உட்கார்ந்தே இருப்பவருக்கு எழுந்து போகிற உரிமை? 'தொடர்பைத் துண்டிக்கும் உரிமை' கேட்டு மக்களவையில் சுப்ரியா சுலே கொண்டுவந்த 2018ஆம் ஆண்டின் தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. பிரான்சில் 2017 முதல் பெரிய நிறுவனங்கள் இது பற்றித் தொழிலாளர்களோடு பேச வேண்டியது கட்டாயம். போர்ச்சுகல் 2021இல் ஒரு படி மேலே போனது. ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை என்றது. தொலைவிலிருந்து வேலை செய்பவர் தனிமைப்பட்டுவிடாமல், அதிகபட்சம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சக ஊழியர்களை நேரில் சந்திக்க வழி செய்ய வேண்டும் என்றும் சேர்த்தது. நேரம், தனிமை இரண்டையும் ஒரே சட்டத்தில் பிடித்துவிட்டார்கள்.

நண்பருக்கு எழுதிய பட்டியல்

1. வேலை முடியும் நேரத்தை எழுதி ஒட்டுங்கள். தொடங்கும் நேரத்தை எல்லோரும் எழுதுகிறோம், முடியும் நேரத்தை யாரும் எழுதுவதில்லை. இரவில் யோசனை வந்தால் மெயிலை எழுதி, காலை ஒன்பதுக்குப் போகும்படி நேரம் வைத்துவிடுங்கள். முதலாளி நீங்கள் கடைப்பிடித்தால்தான் மற்றவர்கள் நம்புவார்கள்.

2. பச்சை விளக்கைப் பார்க்காதீர்கள். இந்த வாரம் யார் என்ன முடிக்க வேண்டும் என்று திங்கட்கிழமை எழுதுங்கள், வெள்ளிக்கிழமை அதை மட்டும் பாருங்கள்.

3. முடிவுகள் எழுத்தில் இருக்கட்டும். டீ குடிக்கும்போது இரண்டு பேர் எடுத்த முடிவு, ஊரில் இருக்கும் மூன்றாவது ஆளுக்குத் தெரியாமலே போய்விடும். ஒருநாள் இல்லை, வருடக்கணக்கில் போய்விடும்.

4. உள்ளூர்க்காரர்களுக்கு வாரத்தில் மூன்று நாள் ஆபீஸ், இரண்டு நாள் வீடு. ஒரு டீமுக்கு ஒரே நாட்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் ஆறு மாதம் கொஞ்சம் அதிகம் வரட்டும், சொல்லிக்கொடுக்க ஒருவரும் கூட வரட்டும். தூரத்தில் இருப்பவர்களை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரவழையுங்கள், பஸ் செலவும் தங்கும் செலவும் கம்பெனியோடது.

5. நாற்காலி, இன்வெர்ட்டர், இரண்டாவது இணைய இணைப்பு இவற்றுக்குப் பணம் கொடுங்கள். வீட்டில் இடமில்லாதவர்கள் ஒரே ஊரில் நாலு பேர் இருந்தால், அங்கே ஒரு அறை வாடகைக்கு எடுங்கள்.

6. வாரம் ஒரு தடவை ஒவ்வொருவரிடமும் பதினைந்து நிமிடம் பேசச் சொல்லுங்கள். புராஜெக்ட் பேச்சு கூடாது. தூக்கம், சாப்பாடு, வீடு. நிலைமை கைமீறுவதாகத் தெரிந்தால் மேனேஜர் வைத்தியம் பார்க்க வேண்டாம். டாக்டரிடம் அனுப்புங்கள். அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண் 14416 எல்லோர் கையிலும் இருக்கட்டும்.

7. பதவி உயர்வுப் பட்டியல் போட்டதும், அதில் வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். கண்ணில் படுகிறவர்தான் ஞாபகத்தில் வருவார். இதில் வேண்டுமென்று யாரும் ஓரவஞ்சனை செய்வதில்லை. எண்ணிப் பார்க்காவிட்டால் தானாக நடந்துவிடும்.

இதில் ஐந்தாவதுக்கும் நான்காவதின் பாதிக்கும்தான் பணம் ஆகும். மற்றதெல்லாம் பழக்கம். பழக்கம்தான் கஷ்டம் என்று நண்பருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நண்பர் படித்துவிட்டு ஒரு வரி அனுப்பினார்: "முதல் பாயிண்ட்டுக்கு என்னத்தான் மொதல்ல திருத்தணும் போல." அந்தச் செய்தி வந்த நேரம் இரவு பத்தே முக்கால். காலையில்தான் பதில் போட்டேன்.

மலையில் கடைசி நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்டாப்பை மூடிப் பையில் வைத்து, பையை அறையிலேயே விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனேன். வெறுங்கையோடு வந்ததைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் கேட்டார்: "வேலை முடிஞ்சுதுங்களா சார்?"

"முடிஞ்சுதுங்க" என்றேன்.